புதிய இயந்திரமா, பழைய இயந்திரமா?

(பூன் லே வட்டாரத்தில் சிறு பட்டறை நடத்துவோரும் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இந்த ஜூரோங் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓர் இரவாவது உறக்கமின்றி எண்ணிப் பார்த்த பொருளாகும். கையில் ஓரளவு பணம் சேர்ந்திருக்கிறது. அது பெரும்பாலும் பல ஆண்டு வேலை செய்து சேர்த்த பணமாக இருக்கும். அல்லது வீட்டு நகையின் பேரில் புரட்டிய பணமாக இருக்கும். அதனைக் கொண்டு ஒரு கடைசல் இயந்திரம், அதாவது நாம் லேத்து என்று வழங்குவது, வாங்க வேண்டும். புதியதை வாங்கினால் பணம் முழுவதும் அதிலேயே முடங்கிவிடும், கடனும் ஏறும். பழையதை வாங்கினால் பாதிப் பணம் கையில் நிற்கும். ஆனால் அந்த இயந்திரம் நாளைக்கு ஓடுமா என்பது யாருக்கும் தெரியாது. இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வாறு முடிவு செய்வது?

முதலில் நாம் நிற்கும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். பூன் லே என்னும் பெயர் சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயராகும். இப்பகுதியில் அவருக்குப் பரந்த தோட்டங்கள் இருந்தன. மிளகு, கம்பீர், இரப்பர் ஆகியவை இம்மண்ணில் விளைந்தன. 1961ஆம் ஆண்டு பொருளியல் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு, ஜூரோங்கின் சதுப்பு நிலத்தையும் குன்றுகளையும் சமப்படுத்தும் வேலை தொடங்கியபோது, இத்திட்டத்தை முன்னின்று நடத்திய நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயைப் பலர் எள்ளி நகையாடினர். "கோவின் மடமை" என்றே இதற்குப் பெயரிட்டனர். 1963ஆம் ஆண்டில் தேசிய இரும்பு எஃகு ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பழைய இரும்பை உருக்கிப் புதிய கட்டடக் கம்பி செய்த ஆலை அது. பழையதா புதியதா என்று பேச வந்த இடத்தில் அந்த ஆலை நினைவுக்கு வருவது பொருத்தமே.

நம்மில் பலரும் இந்தக் கேள்வியை விலையைக் கொண்டே தீர்க்க முயல்கிறோம். புதியது அறுபதாயிரம் வெள்ளி, பழையது இருபதாயிரம் வெள்ளி, ஆகவே நாற்பதாயிரம் வெள்ளி மிச்சம் என்று கணக்கிடுகிறோம். இது கடைக்காரர் போடும் கணக்கே ஒழியப் பட்டறைக்காரர் போட வேண்டிய கணக்கன்று. பழைய இயந்திரத்தின் மதிப்பு அந்த இயந்திரத்திடம் மட்டும் இல்லை. அது எந்த ஊரில், யாருடைய கையில், எத்துணைக் கூலிக்கு ஓடப் போகிறது என்பதில் பெரும் பகுதி அடங்கியுள்ளது.

பின்னாளில், 1998இல், நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1962ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தப்பட்ட இயந்திரங்களின் பயனைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதன் கருத்தை எளிய முறையில் இவ்வாறு சொல்லலாம். கூலி உயர்ந்த நாட்டில் ஓர் இயந்திரம் பழுதாகி, அதனைப் பேணுவதற்கும் ஓட்டுவதற்கும் ஆள் மிகுதியாகத் தேவைப்படும் நிலை வந்தால், அங்கே அதற்கு மதிப்பு இல்லாமல் போகிறது. அதே இயந்திரம் கூலி குறைந்த நாட்டுக்குச் சென்றால், அங்கே இன்னும் பல ஆண்டுகள் இலாபத்தோடு உழைக்கும். ஆகவே ஒரே இயந்திரம் ஒரே நாளில் இரண்டு நாடுகளில் இரண்டு மதிப்பை உடையதாக இருக்கிறது. பழைய இயந்திரங்கள் கப்பலேறிச் செல்வதன் காரணம் இதுவே.

இதற்கு நமக்கு நன்கு தெரிந்த சான்று ஒன்று இலங்கையில் உள்ளது. 1958ஆம் ஆண்டு அங்கே பேருந்துகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தபோது, வண்டிகளுக்குப் பெருந் தட்டுப்பாடு இருந்தது. அதே காலத்தில் இலண்டன் நகரம் தன் இரட்டை மாடிப் பேருந்துகளைப் படிப்படியாக ஓய்வு பெறச் செய்துகொண்டிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இலண்டன் பேருந்துகள் கொழும்புக்கு வந்து சேர்ந்தன. கொழும்பில் வாழ்ந்த முதியவர்களைக் கேட்டால் அந்தச் சிவப்பு வண்டிகளைப் பற்றி இன்றும் சொல்வார்கள்.

அந்த வண்டிகள் அங்கே உழைத்ததற்கு விலை மலிவு மட்டுமா காரணம்? இரண்டு காரணங்கள் உண்டு என்று நான் கருதுகிறேன். ஒன்று, அவை ஏறத்தாழ ஏழாயிரம் வண்டிகளைக் கொண்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும். ஓட இயலாத ஒரு வண்டியைப் பிரித்தால் நான்கு வண்டிகளுக்கு உதிரிப் பாகம் கிடைக்கும். மற்றொன்று, வெரஹெராவில் சபைக்கென ஒரு பெரிய மத்தியப் பணிமனை இருந்தது; வண்டியைப் பிரித்துச் செப்பனிடத் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. உதிரிப் பாகமும் செப்பனிடும் கையும் இல்லாத இடத்துக்கு அதே வண்டிகள் சென்றிருந்தால், சில ஆண்டுகளில் அவை கோழிக்கூண்டாகியிருக்கும்.

கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதனை அக்கக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டிப் பார்த்தே அவர் இயந்திர அறிவைப் பெற்றார் என்பர். பழைய இயந்திரத்தை வாங்குவோருக்கு அந்தத் துணிவும் பொறுமையும் வேண்டும். அது நமக்கு இல்லையெனில், அதனை உடைய ஒருவரைப் பட்டறையில் வைத்திருக்க வேண்டும்.

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். அறுபதுகளில் இங்கே வேலை தேடுவோர் மிகுதி, கூலி குறைவு. அந்த நாளில் பழைய இயந்திரத்தைப் பத்துப் பேர் சூழ்ந்து நின்று ஓட்டினாலும் கணக்குச் சரியாக இருந்தது. 1979ஆம் ஆண்டு நிலைமை மாறியது. தேசியச் சம்பள மன்றம் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு உயர்ந்த சம்பள உயர்வைப் பரிந்துரைத்தது. ஆளைக் குறைத்து இயந்திரத்தைக் கூட்டுங்கள், திறனை வளருங்கள் என்பதே அதன் நோக்கம். அதே ஆண்டு திறன் மேம்பாட்டு நிதியும் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1972இல் டாட்டா நிறுவனத்தோடும், 1973இல் ஜெர்மனியின் ரோலை புகைப்படக் கருவி நிறுவனத்தோடும், 1975இல் பிலிப்ஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து அரசாங்கம் பயிற்சி நிலையங்களை நடத்தியது. கருவி செய்வோரும் அச்சு வார்ப்போரும் நுண்ணளவுக் கடைசல் வேலை செய்வோரும் அங்கே உருவாயினர்.

புதியது வாங்கினால் எல்லாம் நலமாகும் என்பாருக்கு ரோலையின் வரலாறு ஒரு மறுமொழி. எழுபதுகளின் தொடக்கத்தில் பெருமுதலோடு இங்கே வந்த அந்நிறுவனம் 1981ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதன் கருவிகள் விலைபோகவில்லை. இயந்திரம் எவ்வளவு சிறந்ததாக இருந்து என்ன பயன்? ஆயினும் அங்கே பயின்ற கைகள் வீணாகவில்லை. இங்குள்ள நுண்பொறியியல் தொழிலுக்கு அவை பெரிதும் உதவின. நான்கு ஆண்டுகள் கழித்து, 1985இல், நாட்டின் பொருளியலே சுருங்கியது. முதலாளிகள் செலுத்தும் சேமநிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு 1986இல் குறைக்கப்பட்டது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய காலத்தில், கடனில் வாங்கிய புதிய இயந்திரத்தின் மாதத் தவணை, வேலை வந்தாலும் வராவிட்டாலும் வாசலில் வந்து நிற்கும்.

ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட கணக்கே. உங்கள் எண்களை நீங்கள் இட்டுக்கொள்ள வேண்டும்.

புதிய லேத்து 60,000 வெள்ளி. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தபின் 6,000 வெள்ளிக்கு விற்கலாம் என்று கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 4,500 வெள்ளி. எளிமைக்காக முழு விலைக்கும் ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி வைத்தால் 3,000 வெள்ளி. ஆக ஆண்டுச் செலவு 7,500 வெள்ளி. பழைய லேத்து 20,000 வெள்ளி. ஐந்து ஆண்டுகள் உழைத்து 2,500 வெள்ளிக்குப் போகும். தேய்மானம் 3,500, வட்டி 1,000, ஆக 4,500 வெள்ளி. விலையில் நாற்பதாயிரம் வேறுபாடு இருந்ததல்லவா? ஆண்டுக் கணக்கில் அது மூவாயிரமாகச் சுருங்கிவிட்டதைப் பாருங்கள்.

இப்போது நிற்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். இயந்திரம் நின்றால் தொழிலாளியின் சம்பளம் நிற்பதில்லை, வாடகை நிற்பதில்லை, வெளிநாட்டு ஊழியருக்குக் கட்டும் தீர்வை நிற்பதில்லை, வாடிக்கையாளரின் பொறுமை மட்டும் நின்றுவிடுகிறது. பழுது பார்க்கும் செலவையும் சேர்த்து ஒரு மணி நேரம் நின்றால் 50 வெள்ளி நட்டம் என்று வையுங்கள். புதியதைவிடப் பழையது மாதத்துக்கு ஐந்து மணி நேரம் கூடுதலாக நின்றாலே ஆண்டுக்கு 60 மணி நேரம், 3,000 வெள்ளி. மிச்சம் முழுவதும் போயிற்று. ஆறாவது மணி நேரத்திலிருந்து நீங்கள் மலிவுக்கு வட்டி கட்டுகிறீர்கள்.

ஆனால் அதே லேத்து மாதத்துக்கு இரண்டு நாள் மட்டுமே ஓடுமானால் கணக்குத் தலைகீழாகும். நாள்தோறும் ஓடினால் ஆண்டுக்கு நூறு மணி நேரம் நின்று தொல்லை தரும் இயந்திரங்கூட, இரண்டு நாள் வேலைக்கு எட்டு மணி நேரமே நிற்கும். அதன் நட்டம் 400 வெள்ளி. அத்தகைய வேலைக்குப் புதிய இயந்திரம் வாங்குபவர், திருவிழாவுக்கு ஒரு நாள் போக யானை வாங்கியவர் ஆவார். பட்டறையின் சோற்றுக்கு வழி செய்யும் முதன்மை இயந்திரத்தைப் புதியதாகவும், இடையிடையே தேவைப்படும் துளைப்பொறி, இரம்பப்பொறி, மேற்பரப்புத் தேய்ப்புப்பொறி போன்றவற்றை நல்ல நிலையிலுள்ள பழையவையாகவும் வாங்குவதே பெரும்பாலான சிறு பட்டறைகளுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

பழையதே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பார்த்து வாங்க வேண்டும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. அங்கே ஐந்து வெள்ளிக்குத் திருகுச்சாவி வாங்கி ஏமாந்தால் ஐந்து வெள்ளியோடு போயிற்று. இங்கே அப்படி அன்று.

இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது, அது குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது அதன் தலைப்பெட்டி வெதுவெதுப்பாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதனை ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த நிலையில் எழும் ஓசைகள் சில, எண்ணெய் சூடானபின் அடங்கிவிடும். அந்த ஓசைகளைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். புதிய வண்ணப் பூச்சைக் கண்டு மயங்க வேண்டாம். பூச்சு எங்கே தடிப்பாக இருக்கிறதோ அங்கே விரிசலோ ஒட்டுப்போட்ட இடமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

லேத்தின் படுகை எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. வேலை பெரும்பாலும் சக்குக்கு அருகிலேயே நடப்பதால் அந்தப் பகுதியே மிகுதியாகத் தேய்கிறது. சக்குக்கு அருகில் வண்டியை இறுக்கமாக அமைத்து, பின்பு மறுகோடிக்கு ஓட்டிப் பாருங்கள். அங்கே அது பிடித்துக்கொண்டால் படுகை தேய்ந்துள்ளது. ஸ்பிண்டிலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு வேகத்திலும் கியர் ஓசையைத் தனித்தனியே கேளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் இரும்புத் தண்டைக் கொண்டு சென்று, விற்பவர் முன்னிலையில் ஒரு கைச்சாண் நீளம் கடைந்து, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்துவிடுங்கள். எந்த விற்பனையாளரின் வாக்குறுதியும் அந்த இரண்டு அளவுகளுக்கு ஈடாகாது.

கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரமாயின் இரும்பு நன்றாக இருந்தாலும் அதன் மூளை பழையதாகியிருக்கக்கூடும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின் அட்டைகள் இன்னும் கிடைக்கின்றனவா என்று உற்பத்தியாளரின் இங்குள்ள முகவரிடம் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பல பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இயந்திரத்துக்குரிய அமைப்பு எண்கள் ஒரு சிறு பேட்டரியின் துணையால் நினைவில் நிற்கின்றன. பட்டறை மூடப்பட்டு மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்து அந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டால், எண்கள் அழிந்துபோகும். அவற்றின் நகல் கையில் இருக்கிறதா என்பது, இயந்திரம் வாங்குவதா இல்லையா என்பதையே தீர்மானிக்கும் கேள்வியாகும்.

வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களில் மின்சாரம் ஒரு பொறி. நமக்கு 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிய இயந்திரங்கள் பெரும்பாலும் 200 வோல்ட் கொண்டவை, மின்மாற்றி தேவைப்படும். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் வழங்குகின்றன. 60 ஹெர்ட்ஸுக்கென அமைந்த மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுற்றும். பழைய ஆங்கிலேய லேத்தாயின் அதன் திருகு அங்குல அளவில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நண்பர்களே, இதுவரை பணத்தைப் பற்றிப் பேசினேன். இனிச் சொல்வது கைகளைப் பற்றியது. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பழைய பிரஸ்களில் ஒரு வகை உண்டு. மிதியை ஒரு முறை மிதித்துவிட்டால், கிளட்ச் பற்றிக்கொண்டு, அந்தச் சுற்று முடியும்வரை அதனை நிறுத்த இயலாது. பாதி வழியில் கை உள்ளே இருப்பதைக் கண்டாலும் எதுவும் செய்ய முடியாது. அத்தகைய இயந்திரங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் காப்புத் தடுப்புகள் பல கைமாறியதில் எங்கோ கழன்று போயிருக்கும். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று கழற்றியவர்களும் உண்டு. அந்த இயந்திரத்தை வாங்குபவர் அதன் முன் நிற்கப் போவதில்லை. அங்கே நிற்பவர் தஞ்சையிலோ சிவகங்கையிலோ நிலத்தை ஈடு வைத்துவிட்டு இங்கே வந்த ஓர் இளைஞராக இருப்பார். விரல் போனால் அந்த ஈட்டை எந்தக் கையால் மீட்பது?

2006ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பழைய இயந்திரம் என்பதற்காக எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. தூக்கும் சாதனங்கள் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையும், ஆட்களை ஏற்றிச் செல்பவை ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், நீராவிக் கொதிகலன் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையும், கம்ப்ரெஸரின் காற்றுக் கலன் இருபத்துநான்கு மாதங்களுக்கு ஒரு முறையும் மனிதவள அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பரிசோதகரால் சோதிக்கப்பட வேண்டும். பழைய கம்ப்ரெஸர் ஒன்றை வாங்கும்போது அதன் கலனில் பெயர்த்தகடு இருக்கிறதா, பதிவுத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு இல்லாத கலன் என்ன அழுத்தத்தைத் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தடுப்பு அமைக்கும் செலவையும் சோதனைச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு கூட்டிய பிறகே அது மலிவா என்று பேச வேண்டும். இயந்திரத்தை ஓட்டப்போகும் தொழிலாளியையும் பார்வையிட அழைத்துச் செல்லுங்கள். பத்து ஆண்டு பிரஸ் ஓட்டியவரின் காது கேட்பதை முதலாளியின் காது கேட்பதில்லை.

கடைசியாகச் சில தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விற்பவரின் பட்டறையில் நிற்கும் இயந்திரம் விற்பவருக்கே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். அது தவணைமுறையில் வாங்கப்பட்டு, கடைசித் தவணை கட்டப்படாதிருந்தால், அதன் உடைமையாளர் நிதி நிறுவனமே. நீங்கள் முழுப் பணம் கொடுத்த பின்பும் அவர்கள் வந்து ஏற்றிச் செல்லலாம். கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை நேரில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

மூடப்பட்ட நிறுவனங்களின் ஏலத்தில் பொருள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது. பின்னர் குறை சொல்ல இடமில்லை. குறிப்பிட்ட சில நாள்களுக்குள் இடத்தைக் காலி செய்து கொடுக்கவும் வேண்டும். ஏலத்தில் கையைத் தூக்குவதற்கு முன்பே இயந்திரம் நகர்த்துவோரிடம் விலை கேட்டு வையுங்கள். உங்கள் பட்டறை அடுக்குமாடித் தொழிற்கூடத்தில் இருந்தால், சரக்கு மின்தூக்கி எவ்வளவு தாங்கும், தளம் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் பெறுங்கள். பழைய வார்ப்பிரும்பு இயந்திரங்கள் இன்றைய இயந்திரங்களைவிடப் பெரும்பாலும் கனமானவை. உங்கள் வாடகை ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு இருக்கிறது என்றும் பாருங்கள். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர், மீண்டும் ஒரு முறை அந்த எடையைத் தூக்கிச் செல்லும் கூலியையும் இன்றே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கூட்டம் முடிந்தபின் இங்கேயே இருப்பேன். வாங்க எண்ணியுள்ள இயந்திரத்தின் விவரத்தையோ படத்தையோ கொண்டு வந்தவர்கள் காட்டலாம். அந்த ஆண்டுக் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.